நான்காவது பொய் அலாரம்

கல்லாவுக்கு அடியில், முழங்கால் இடிக்கும் உயரத்தில் அந்தப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் கடைக்குள் சத்தமே கேட்காது. போலீஸ் நிலையத்தில்தான் மணி அடிக்கும்.

ஜனவரி மாதத்தின் ஒரு பிற்பகலில், கல்லாவில் வேலை பார்க்கும் லோரெட் ஹாஸ்கின்ஸ் அதை அழுத்தினாள். நான்கே நிமிடத்தில் இரண்டு போலீஸ் கார்கள் வந்து நின்றன. கார்வெல் ஊரின் ஒரே மருந்துக்கடை அது. அதன் வாசலில், பனிச்சேற்றில், ஒரு மனிதரைக் குப்புறப் படுக்க வைத்தார்கள்.

அவர் பெயர் அன்செல்மோ சோக். குவாத்தமாலாக்காரர், ஊருக்கு வெளியே இருக்கும் மாட்டிறைச்சி ஆலையில் வேலை. கோட்டுக்குள் கையை விட்டு அவர் எடுக்கப்போனது அம்மாவின் மருந்துச் சீட்டு. பனியில் நனையாமல் இருக்க, பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தார்.

போலீஸ்காரர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவரும் முழங்காலைத் துடைத்துக்கொண்டு, மருந்தை வாங்கிக்கொண்டு போனார். லோரெட்டின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இதோட நாலு, லோரெட்" என்றார் கடைக்காரர் டுவைட் ஆமண்ட்சன். "ஒண்ணு போன பிப்ரவரியில காதலர் தினத்துக்குக் கட்டின பலூன் ராத்திரி ஆடினதை அலாரம் திருடன்னு நினைச்சதுக்கு. ஒண்ணு உங்க துடைப்பக் கட்டை பொத்தான்ல இடிச்சதுக்கு. ஒண்ணு நான் அலாரத்தை நிறுத்தற ரகசிய எண்ணை மறந்ததுக்கு. இப்ப இது."

ஊர்ச் சட்டம் அப்படி. பன்னிரண்டு மாதத்துக்குள் நான்கு பொய் அலாரம் என்றால் கடையின் அலாரம் அனுமதி மூன்று மாதம் ரத்து. அப்புறம் அலாரம் அடித்தாலும் ஒரு போலீஸ்காரர் எட்டிப்பார்க்க மாட்டார். போதாததற்கு, ரத்தானவர்களின் பட்டியலை ஊர் வாரப் பத்திரிகையில் வேறு போட்டுவிடுவார்கள். போதைக்காக வலி மாத்திரை திருடக் கடையை உடைக்கும் கூட்டத்துக்கு அது வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

தப்பிக்க ஒரே வழி, நகரமன்றத்தின் அலாரம் குழுவில் முறையிடுவது. கொள்ளை நடக்கப்போகிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்ததென்று குழு ஒப்புக்கொண்டால், அது பொய் அலாரக் கணக்கில் வராது.

"கோட்டுக்குள்ள கையை விட்டான், கேட்டதுக்கு வாயைத் திறக்கலைன்னு எழுதுங்க. போதும்" என்றார் டுவைட்.

லோரெட் எழுதினாள். எழுதும்போதே காது மடல் சுட்டது. கடைக்குள் நுழைந்ததும் அந்த மனிதர் "மதிய வணக்கம், மேடம்" என்றிருந்தார். அதை எழுத மனுப் படிவத்தின் கட்டத்தில் இடம் போதவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு விசாரணை. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவி கிளாடிஸ் வீத், தபால் நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வலப்பக்கம் மக்காச்சோள விவசாயி க்ளெம் ஓபர்க். இடப்பக்கம் ஊர் வக்கீல் ஒருவர்.

கிளாடிஸ் மனுவைப் படித்து முடித்த நேரம், கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அன்செல்மோ. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று லோரெட் நினைத்தாள்.

"தப்பு என்னுதுங்க" என்றார் அவர். "கை ரெண்டும் வெளிய தெரியற மாதிரி வச்சிருக்கணும். அவங்க பயந்துட்டாங்க. எங்கம்மாவுக்கு இன்சுலின் அந்தக் கடையிலதான் வாங்கறேன். அந்தக் கடைக்குப் போலீஸ் வராமப் போயிடக் கூடாது. அதான் வந்தேன்."

கிளாடிஸின் முகம் மலர்ந்தது. "அப்புறம் என்ன? அவரே சொல்லிட்டாரு. நியாயமான காரணம்னு எழுதிடலாம்."

டுவைட் சந்தோஷத்தில் லோரெட்டின் முழங்கையை அழுத்தினார். அவள் எழுந்துவிட்டாள்.

"அவர் பேசினார்" என்றாள். "வணக்கம் சொன்னார். நான் எழுதினது பொய்."

"லோரெட், உக்காருங்க" என்று பல்லைக் கடித்தார் டுவைட்.

"க்ளெம், அன்னிக்கு இவருக்கு முன்னாடி கடைக்கு வந்தது நீங்கதானே?"

"ஆமா."

"கோட்டுக்குள்ள கையை விட்டு எவ்வளவு நேரம் துழாவினீங்க?"

"கண்ணாடியைத் தேடினேன். ரெண்டு மூணு நிமிஷம் ஆகியிருக்கும்."

"நான் என்ன பண்ணேன்?"

க்ளெமின் கழுத்து சிவந்தது. "முட்டையா அடைகாக்கறீங்கன்னு கேட்டீங்க. மிட்டாய் குடுத்தீங்க."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. லோரெட் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "இவர் கையை விட்டு ரெண்டு விநாடி கூட ஆகலை. நான் முகத்தைப் பார்த்தேன், அழுத்திட்டேன். வேற காரணம் எதுவும் இல்லை."

குழு தலையைக் குனிந்து வாக்களித்தது. நான்காவது பொய் அலாரம். அனுமதி மூன்று மாதம் ரத்து.

அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் அன்செல்மோ வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். படிக்கட்டில் டுவைட் அவளிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்: "உண்மை பேச வேற நாளே கிடைக்கலையா உங்களுக்கு?"

பத்திரிகையில் கடையின் பெயர் வந்தது. டுவைட் கதவுக்கு இரண்டு பூட்டுகள் கூடுதலாகப் போட்டார். லோரெட்டை வேலையை விட்டு அனுப்பவில்லை, ஆனால் அவளோடு கேலி பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் தினமும் கல்லாவில் நின்றபடி ஒரு மன்னிப்பை மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். ஒவ்வொரு நாளும் அது இன்னும் நீளமாகிக்கொண்டே போனது.

மூன்றாவது வாரம் அன்செல்மோ வந்தார். கதவு மணி கிணுகிணுத்தது. லோரெட் வாயைத் திறப்பதற்குள் அவர் நேராக வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரல்கள் விரிய மேசைமேல் வைத்தார்.

"மதிய வணக்கம், மேடம். சீட்டு கோட்டுக்குள்ள இருக்கு. எடுத்துக்கலாமா?"

குரலில் குத்தல் இல்லை. நன்றாகக் கற்றுக்கொண்ட பாடத்தை ஒப்பிக்கிறவரின் குரல் அது. லோரெட் அந்தக் கைகளையே பார்த்தாள்; ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"எடுங்க" என்றாள். அவள் அதைச் சொல்லும்வரை அந்தக் கைகள் அசையவே இல்லை.