சௌம்யாவின் விரதங்கள்

“அம்மா, நாம தினமும் ஒருசந்திதானே இருக்கோம்? அப்ப தவக்காலம் வந்தா என்ன பண்றது?”

இதைக் கேட்டபோது ஜெசிந்தாவுக்கு ஏழு வயது. பெங்களூர் லிங்கராஜபுரத்து மாதா கோயிலில் ஞானோபதேச வகுப்பு முடிந்து வந்த கையோடு கேட்டாள். தவக்காலத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பது ஆண்டவருக்குப் பிரியம் என்று அன்றைக்குத்தான் சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். வீட்டில் அந்த வருஷம் முழுக்க ஒரு வேளைச் சமையல்தான். அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் அப்பா சில்வெஸ்டர் சத்தமாகச் சிரித்தார். சிரித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், இருட்டிய பிறகுதான் திரும்பி வந்தார்.

அந்த ஜெசிந்தா தொண்ணூற்றாறில் எம்.எஸ்ஸி. தாவரவியலில் சேர்ந்தாள். நகரத்தின் மேற்கு ஓரத்தில், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் இருந்த அரசுப் பல்கலைக்கழகம். ஃபீஸ் கம்மி. அதில் பொய்யில்லை. ஆனால் தினமும் அங்கே போய்ச் சேர்வதற்கும், சேர்ந்த பிறகு மயங்கி விழாமல் இருப்பதற்கும் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஊருக்குள் வீடு இருப்பவர்களுக்கு ஹாஸ்டல் கிடையாது என்பது சட்டம். ஜெசிந்தாவின் வீடும் ஊருக்குள்தான் இருந்தது, மூன்று பஸ் தள்ளி. விடிவதற்குள் ஒரு டம்ளர் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் திரும்பி வந்துதான் சோறு.

“ரெண்டே வருஷம்தான். நடுவுல முடியலன்னு வந்து நின்னே, மறுநாளே கார்மென்ட்ஸுக்குத் துணி தைக்க அனுப்பிடுவேன்” என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். சொல்லும்போது அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மதிய இடைவேளையில் ஜெசிந்தா நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். படிப்பில் அவ்வளவு ஆர்வம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு நாள் அந்த நிசப்தத்தில் அவள் வயிறு நீளமாக ஒரு சத்தம் போட்டது. எதிரே உட்கார்ந்திருந்த சௌம்யா தலையைத் தூக்கினாள். தங்கவயலிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவள். வகுப்பிலேயே முதல் மாணவி.

“ஏய், உன் வயிறு என்னமோ டவுட் கேக்குது பாரு” என்றாள்.

ஜெசிந்தா வெட்கத்தில் செத்துப்போனாள். சௌம்யா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் மதியம் நேராக வந்து கையைப் பிடித்தாள்.

“ஜெசி, எழுந்திரு. இன்னிக்கு எனக்கு விரதம். மெஸ்ஸுல என் பேர்ல ஒரு தட்டு சும்னே வீணாப் போகுது. நீ வந்து சாப்பிடு.”

“என்ன விரதம்?”

“திங்கக்கிழமை விரதம்டீ. சிவனுக்கு. நல்ல புருஷன் கிடைப்பான்.”

செவ்வாய்க்கிழமை முருகனுக்கு என்றாள். வியாழக்கிழமை குருவுக்கு. வெள்ளி அம்மனுக்கு. புதன்கிழமைக்கு மட்டும் கொஞ்சம் யோசித்து, “அது எங்க குலதெய்வத்துக்கு” என்றாள். இடையிடையே சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம், ஏகாதசி என்று வந்துகொண்டே இருந்தன. பொழுது சாய்ந்த பிறகுதான் தான் சாப்பிடலாம் என்பாள். சில நாள் காலை டிபனையும் டப்பாவில் போட்டுக் கொடுப்பாள். “மெஸ்ஸுல நெறைய மிஞ்சிப்போச்சு. கொட்டத்தான் போறாங்க. உங்க அம்மாக்கும் தம்பிக்கும் எடுத்துட்டுப் போ.”

ஜெசிந்தா நம்பினாள். இந்துக்களுக்கு எத்தனையோ சாமிகள், அத்தனை சாமிக்கும் ஆளுக்கொரு நாள் வேண்டுமே என்று நினைத்துக்கொண்டாள். மனசாட்சி எப்போதாவது ஒரு கேள்வியை எழுப்பும். அதற்குள் தட்டில் சூடான சோறு விழும். பசித்தவர்களுக்கு நம்பிக்கை சீக்கிரம் வந்துவிடுகிறது. அதற்காக அவர்களைக் கோபிப்பதில் நியாயமில்லை.

மூன்றாம் செமஸ்டர் முடிவு வந்தது. ஜெசிந்தா வகுப்பில் முதலாவதாக வந்திருந்தாள். சௌம்யா ஒரு பேப்பரில் தோற்றுப்போயிருந்தாள்.

“விடு, அடுத்த தடவை எழுதிக்கலாம்” என்று சௌம்யா சிரித்தாள். சிரித்தபோது கன்னத்து எலும்பு தனியாகத் தெரிந்தது. அதற்கு முந்தின வாரம்தான் அவள் லேபில் நுண்ணோக்கியின்மேல் குனிந்தவள் நிமிர முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இவ்வளவு பக்தி உடம்புக்கு ஆகாது, இதை யாராவது அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. தான் சொன்னால் எடுபடாது. அந்த மதத்துப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

துறையில் அலர்மேல்மங்கை மேடம் இருந்தார். பல தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் ஐயங்கார் குடும்பம். ஏகாதசியன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நான்கு வகுப்பு எடுப்பவர் என்று பெயர். அன்றைக்கு வியாழக்கிழமை. ஏகாதசி என்று சொல்லித்தான் சௌம்யா அவளை மெஸ்ஸுக்கு அனுப்பியிருந்தாள். போகிற வழியில் மேடத்தின் அறைக்கதவைத் தட்டினாள் ஜெசிந்தா.

மேடம் மேஜைமேல் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். தயிர்சாதம். பக்கத்தில் மாவடு.

“வாம்மா, என்ன?”

ஜெசிந்தா வந்த விஷயத்தை மறந்து டிபன் பாக்ஸையே பார்த்தாள். “மேடம்… நீங்க சாப்பிடறீங்க?”

“ஏன், சாப்பிடக்கூடாதா?”

“இன்னிக்கு ஏகாதசி இல்லையா மேடம்?”

“ஏகாதசியா! போன வாரம் செவ்வாய்க்கிழமையே போயாச்சே. இன்னிக்குப் பஞ்சமி” என்று மேடம் சிரித்தார். “உனக்கு எதுக்கும்மா எங்க ஏகாதசி?”

“மாசத்துக்கு எத்தனை வரும் மேடம்?”

“ரெண்டுதான். ஏன்?”

ஜெசிந்தா கணக்குப் போட்டுப் பார்த்தாள். போன வாரத்தில் மட்டும் சௌம்யாவுக்கு இரண்டு ஏகாதசி வந்திருந்தது. அதற்கு முந்தின வாரம் ஒன்று. தலைக்குள் நாட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இடிந்து விழுந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டாள். மேடம் எழுந்து வந்து அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். திக்கித் திக்கி அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது மேடத்தின் முகத்தில் சிரிப்பு இல்லை. ஒன்றரை வருஷமாக இரண்டு பெண்களுக்கும் பாடம் நடத்தியவர் அவர். இடைவேளை மணி அடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவர். டிபன் பாக்ஸை மூடினார். அன்று அவரால் அதை மறுபடி திறக்க முடியவில்லை.

ஜெசிந்தா மெஸ்ஸுக்கு ஓடினாள். சாப்பிடப் போகவில்லை. கன்னடக்காரரான தலைமைச் சமையல்காரர் கிருஷ்ணப்பா சாம்பார் வாளியோடு நின்றிருந்தார்.

“அண்ணா, சௌம்யா கொடுக்கிற காலை டிபன், அது மிச்சம்தானே?”

“மிச்சமா?” கிருஷ்ணப்பா வாளியைக் கீழே வைத்தார். “இந்த மெஸ்ஸுல மிச்சம்னு ஒண்ணை நான் கண்ணால பாத்ததில்ல தாயி. ஒரு பேருக்கு ஒரு தட்டு. டப்பாவுல போட்டா அது அவளோட டிபன்தான். அந்தப் பொண்ணு மகா பக்தை அல்லவா! ராத்திரி ஊட்டா, அந்த ஒரு வேளைச் சாப்பாடுதான் அவளுக்கு.”

“அண்ணா, அது விரதம் இல்ல. எனக்காகச் சொன்ன பொய்.”

கிருஷ்ணப்பா வாயைத் திறந்தபடி நின்றார். “தேவரே, கடவுளே! என் மக கல்யாணத்துக்கு நான் அவகிட்டதானே வேண்டிக்கச் சொன்னேன்!” கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டார்: “கல்யாணமும் குதிர்ந்துபோச்சே!”

ஹாஸ்டல் அறையில் சௌம்யா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது.

“யார் சொன்னா?”

“பஞ்சாங்கம்.”

சௌம்யா கட்டிலில் உட்கார்ந்தாள். ஜெசிந்தா நின்றபடியே இருந்தாள். தன் கை, தன் உடம்பு, தான் வாங்கிய முதலிடம் எல்லாமே அவளுக்கு யாரிடமோ பிடுங்கியவையாகத் தெரிந்தன. காலை டிபனை அம்மாவும் தம்பியும் பங்கு போட்டுச் சாப்பிட்டு, ‘ஹாஸ்டல்காரங்க கொடுத்துவெச்சவங்க’ என்று பெருமூச்சு விட்டது நினைவுக்கு வந்தது.

“ஏன்டீ இப்படிப் பண்ணே?”

“சும்மா சாப்பிட வான்னு கூப்பிட்டா வந்திருப்பியா? ரோஷக்காரி. சாமி பேரைச் சொன்னா உன்னால மறுத்துப் பேச முடியாது. அதான்.”

“நாளைலேருந்து நான் வரல. மெஸ்ஸுக்கும் வரல, கிளாஸுக்கும் வரல. அம்மாகிட்ட சொல்லிட்டுக் கார்மென்ட்ஸுக்குப் போயிடறேன்.”

சௌம்யாவுக்குக் கோபம் வந்து ஜெசிந்தா பார்த்ததில்லை. அன்று பார்த்தாள்.

“போ! போய்த் துணி தை. அப்ப நான் தோத்த பேப்பர்? அதுக்கு யார் பதில் சொல்றது? நீ எம்.எஸ்ஸி. முடிச்சாத்தான்டீ அதுக்கு ஒரு அர்த்தம். நடுவுல விட்டேன்னா நான் வெறும் பைத்தியக்காரியாப் போயிடுவேன்.”

இரண்டு பேரும் அழுதார்கள். அழுது ஓய்ந்த பிறகு சௌம்யா மெதுவாகச் சொன்னாள்:

“எனக்கு ஒரே ஒரு பயம்தான் ஜெசி. சாமி பேரைச் சொல்லி இத்தனை பொய். விரதம்னு வாயால சொல்லிட்டேன், ஒண்ணுகூட இருக்கலையே.”

“நீதான் சாப்பிடவே இல்லையே!”

“சாப்பிடாம இருந்தா விரதமாயிடுமா? மனசுல சாமி இருக்கணும். எனக்கு மத்தியானம் ஆனா மனசுல சாம்பார்தான் இருந்துச்சு. அத்தனை விரதமும் பாக்கிதான்.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு தட்டில் இருவரும் சாப்பிட்டார்கள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லாமலே கிருஷ்ணப்பாவின் கரண்டி கொஞ்சம் பெரிதானது. அலர்மேல்மங்கை மேடமும் அந்த வயதில் பொய் சொல்லக் கற்றுக்கொண்டார். “ஆத்துல தயிர்சாதம் ஜாஸ்தியாப் பிசைஞ்சுட்டேன். வீணாப்போயிடும், யாராவது சாப்பிடுங்கோ” என்று இன்னொரு டிபன் பாக்ஸைத் தினமும் லேப் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். அந்த ஆறு மாசத்தில் ஒரு நாள்கூட அவருக்கு அளவு சரியாக வரவில்லை. அவருடைய ஏகாதசியன்றும் அந்தப் பெட்டி வந்தது.

கடைசி செமஸ்டரில் சௌம்யா தோற்ற பேப்பரையும் சேர்த்து எழுதினாள். இருவரும் முதல் வகுப்பில் தேறினார்கள். முடிவு ஒட்டியிருந்த பலகையின் முன்னால் நின்று ஜெசிந்தா தன் எண்ணைத் தேடவில்லை. சௌம்யாவின் எண்ணைத்தான் தேடினாள். அது கண்ணில் பட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. மகள் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டாள் என்பதை நம்புவதற்கு அம்மாவுக்கு ஒரு வாரம் ஆனது. அதுவரை பார்க்கிறவர்களிடமெல்லாம், “பாஸாயிட்டாளாம்” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சௌம்யா ஹைதராபாத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வேலைக்குப் போனாள். ஜெசிந்தா அரசுக் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனாள். வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. பசி என்பது விரும்பினால் மட்டும் வரும் விருந்தாளி ஆகிவிட்ட பிறகுதான், ஜெசிந்தா திதி போட்ட நாள்காட்டி ஒன்றை வாங்கினாள். அதைச் சுவரில் மாட்டாமல் பீரோவுக்குள் துணிக்கு அடியில் வைத்தாள். அம்மா கண்ணில் பட்டால் ஆயிரம் கேள்வி வரும்.

உண்மையான ஏகாதசியன்றும் கிருத்திகையன்றும் அவள் சாப்பிடுவதில்லை. வீட்டில் கல்லூரியில் சாப்பிட்டதாகச் சொல்வாள். கல்லூரியில் வயிறு சரியில்லை என்பாள். மதிய இடைவேளையில் காலி வகுப்பறையில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். அந்தச் சாமிகளின் பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே பிதாவிடம் சொல்வாள்: “இது என்னோடது இல்லை. சௌம்யாவோடது. எங்கே சேரணுமோ அங்கே அவள் பேரில் சேர்த்துவிடும்.” மனம் நிலைக்காமல் எங்கேயாவது அலைந்த நாளை அவள் சேர்த்துக்கொள்வதில்லை. அதற்குப் பதில் இன்னொரு நாள் இருப்பாள். மொத்தம் எத்தனை பாக்கி என்று சௌம்யாவுக்கே தெரியாது. அதனால் எங்கே நிறுத்துவது என்று ஜெசிந்தாவும் யோசிக்கவில்லை.

ஓர் ஏகாதசியன்று ஸ்டாஃப் ரூமில் யாருடைய வீட்டிலிருந்தோ ஒப்பட்டு என்கிற போளி வந்திருந்தது. நெய் மணத்தது. எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்கள். தொலைபேசி மணி அடித்தது. ஜெசிந்தா தனியாக இருந்தாள், எடுத்தாள். ஹைதராபாத்.

“ஜெசி! எப்படீ இருக்கே? மணி ரெண்டாச்சே, சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்” என்றாள் ஜெசிந்தா.