ஷிசுயேயின் நடை

ஸ்நேகாவின் முனைவர் பட்ட ஆய்வு ஒரு நடையை நம்பி நின்றது.

தகேனோ ஷிசுயே ஜப்பானின் மௌனப்பட நடிகை. அதுவரை பெண் வேடங்களை ஆண்களே கட்டிவந்தார்கள். அந்த இடத்துக்கு வந்த முதல் சில பெண்களில் அவளும் ஒருத்தி. ஆறு ஆண்டுகள், பதினொரு படங்கள். பிறகு கல்யாணம், அத்தோடு சரி. படங்கள் நிலநடுக்கத்திலும் தீயிலும் போயின. மிஞ்சியது ஒரே ஒரு துண்டு: மழையில் பாலத்தைக் கடக்கும் பெண். வேடம் கட்டிய ஆணுக்கு ஒருநாளும் வராத நடை இது என்று ஸ்நேகா ஓர் அத்தியாயமே எழுதியிருந்தாள். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

வெள்ளி மாலை, டோக்கியோ ஆவணக்காப்பகம் சுத்தம் செய்த அந்தத் துண்டின் புதிய பிரதி வந்தது. அவள் அதைக் கணினியில் ஓட்டிக்கொண்டிருந்தபோது அம்மா அனுசூயா கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினார். காது மூக்கு தொண்டை மருத்துவர். பனிக் காலணியைக் கழற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"யாருடி இவன்?"

"இவன் இல்லம்மா, இவ. என் ஷிசுயே."

"கொஞ்சம் பின்னாடி ஓட்டு."

பாலத்தின் நடுவில் முகம் திரும்பியது. கழுத்தில் ஒரு மேடு ஏறி இறங்கியது.

"அது நிழல்மா."

"நிழல் எச்சில் முழுங்காதுடி."

ஸ்நேகா முதலிலிருந்து மெதுவாக ஓட்டினாள். தொடக்கத்தில் ஷிசுயேயின் பெயரைக் காட்டும் எழுத்து அட்டை. அதற்கும் பாலத்துக்கும் நடுவே, பழைய பிரதியில் தெரியாத, ஃபிலிமை வெட்டி ஒட்டிய தடம். யாரோ ஒரு படத்தின் தலையை இன்னொன்றின் உடலோடு சேர்த்திருக்கிறார்கள்.

"பழைய காப்பியையே வெச்சுக்கோயேன்" என்றார் அம்மா. "யாரு கழுத்தப் பாக்கப் போறா?"

"நீ பாத்தியே."

அம்மா சமையலறைக்குப் போனார். ஸ்நேகா அத்தியாயத்தைத் திறந்து 'ஆணுக்கு ஒருநாளும் வராத நடை' என்ற வரியைப் படித்தாள். சிரிப்பு வந்தது. அத்தியாயம் முழுவதையும் அழித்தாள். 'ஷிசுயே நடித்த படம் எதுவும் இன்று இல்லை' என்று தட்டச்சு செய்தாள். பேராசிரியருக்கு இன்னொரு பருவம் அவகாசம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினாள்.

திரையில் அந்த ஆள் மழையில் அழகாக நடந்துகொண்டிருந்தான்.

"அப்ப அவ எப்படித்தான் நடந்தா?" ரசத்தைச் சூடாக்கிக்கொண்டே அம்மா கேட்டார்.

"தெரியாதும்மா."