ட்ரெவன் பேசி முடித்த பேரம்

எங்கள் லிதுவேனியக் கூடைப்பந்து அணியில் ஆறு வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் இடம். ஆறும் நிரம்பியிருந்தபோதே முதலாளி கெஸ்டூட்டிஸ் இன்னோர் அமெரிக்கனை வரவழைத்தார். அவனோ பனியைப் பார்த்ததும் கையெழுத்துப் போடமாட்டேன் என்றான்.

"ட்ரெவன், அவன் உங்க நாட்டுப் பையன்தானே, நீயே பேசிப் பாரேன்" என்றார் முதலாளி, அந்த ஆறு பேரில் ஒருவனான அமெரிக்கன் ட்ரெவனிடம்.

முழங்கால் வீங்கியதிலிருந்து வேலை போய்விடுமோ என்று பயந்திருந்த ட்ரெவனுக்கு உயிர் வந்தது. புதியவனுக்காக வெளியே போகப்போவது ஆறு பேரில் இன்னொருவனான சோம்பேறி செர்பியன்தான் என்று நினைத்துவிட்டான். பையனுக்கு உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை வாங்கிக் கொடுத்து, "தங்கமான ஜனங்கடா தம்பி, கைவிடவே மாட்டாங்க" என்று கரைத்தான். பையன் கையெழுத்துப் போட்டான்.

முதலாளி ட்ரெவனின் தோளைத் தட்டினார். "பந்தைவிட உனக்கு வியாபாரம் நல்லா வருதுப்பா. ஊருக்குப் போய் அதையே பாரு. லாக்கரை இன்னைக்கே காலி பண்ணிடு, தம்பி சாமான் வைக்கணும்."