காந்தத்துக்கு மசியாத அண்டா

வாங்கும்போது சின்ன மாப்பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கெட்டுப்போன பிறகு கேட்காதவர்கள் யாரும் இல்லை. அவன் தொழில் அப்படி. கடைத்தெருவில் ஒற்றை ஷட்டர் போட்ட அறை, அதற்குள் ஒரு மேஜை, மேஜைமேல் அடிமூடி கழன்ற மிக்சிகளும் கைப்பிடி ஆடும் குக்கர்களும் வாய் பிளந்த இஸ்திரிப் பெட்டிகளும். ஒவ்வொன்றையும் திறக்கும்போது அவனுக்கு வயிறு எரியும். "இதை எவன் வாங்கச் சொன்னான்? ஒரு தடவை அடியைத் திருப்பிப் பார்த்திருந்தா, சூட்டுக் காத்து வெளிய போக வழியே இல்லைன்னு தெரிஞ்சிருக்குமே" என்று புலம்புவான். வந்தவர்கள் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, எப்போது தயாராகும் என்று கேட்பார்கள்.

வேலையில் அவன் கெட்டிக்காரன். அதில் ஊருக்கு இருந்ததைவிட அவனுக்கு நம்பிக்கை அதிகம். அடக்கம் என்பது அவன் கடையில் கிடைக்காத சரக்கு. மோட்டாரை முகர்ந்து பார்த்தே சுருள் கருகியதா இல்லையா என்று சொல்லிவிடுவான். விசில் வராத குக்கரைக் கொண்டுவந்தால், முதலில் ரப்பர் வளையத்தை விரலால் இழுத்துப் பார்ப்பான். "இதை எப்பவும் மூடியிலயே மாட்டி வச்சிருக்கீங்க, சரிதானே? கழுவிக் கழட்டி வைங்கம்மா, அதுவும் கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்பான். அந்த அம்மாளுக்குத் தன் சமையலறைக்குள் இவன் எப்போது வந்து பார்த்தான் என்று சந்தேகமே வந்துவிடும்.

ஆனால் இந்தப் பெருமையெல்லாம் மாமியார் வீட்டு வாசலோடு சரி. அங்கே பெரிய மாப்பிள்ளை இருந்தார். மனைவியின் அக்காவைக் கட்டியவர், அவனுக்குச் சகலை. வீட்டு சாமான்கள் விற்கும் மூன்று மாடிக் கடையில் மேலாளர். கழுத்தில் அடையாள அட்டை, பேச்சில் தேன். டிவியா, ஃப்ரிட்ஜா, வாஷிங் மெஷினா, அந்த வீட்டில் எது வாங்கினாலும் அவரைக் கேட்டுத்தான். அது இருமத் தொடங்கினால் மட்டும், "சின்ன மாப்பிள்ளைக்கு ஒரு போன் போடு." விருந்துக்குக் கூப்பிட்டாலும் சாப்பிட்ட கையோடு ஏதாவது ஒன்றை அவன் மடியில் வைத்துவிடுவார்கள். அவனும் சரிசெய்துவிட்டுத்தான் வருவான். செய்ததற்கு நன்றியும் சொல்வார்கள். ஆனாலும் அவனுக்கு ஓர் ஏக்கம் இருந்தது. வாங்குவதற்கு முன்னால் யாராவது, ஒரே ஒரு முறை, "எதை வாங்கலாம்?" என்று அவனைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

அத்தை, அதாவது அந்த மாமியார், சாப்பாட்டுக் கடை தொடங்கப் போகிறார் என்று கேள்விப்பட்டபோது, இந்த முறை கேட்பார்கள் என்று நிச்சயமாக நம்பினான். அத்தை லேசுப்பட்டவர் இல்லை. மாமா போன பிறகு யார் யார் வீட்டு விசேஷத்துக்கோ அண்டா அண்டாவாகச் சமைத்துக் கொடுத்து இரண்டு பெண்களையும் ஆளாக்கியவர். இப்போது வீட்டு முன்னறைச் சுவரை இடித்துப் பெரிதாக்கி, மேஜை நாற்காலி போட்டுவிட்டார். தினமும் சமைக்கப் போகிற இடம். அடுப்பு முதல் கரண்டி வரை பார்த்துப் பார்த்து வாங்க வேண்டும். சின்ன மாப்பிள்ளை மனசுக்குள் எல்லாவற்றையும் வாங்கியே முடித்துவிட்டான்.

போன் வரவில்லை. பெரிய மாப்பிள்ளை இரண்டு பெரிய இண்டக்ஷன் அடுப்புகளை இறக்கிவிட்டார் என்ற செய்திதான் வந்தது. பழைய கேஸ் அடுப்புகளைப் பழசுக்குப் புதுசு என்று கடை வண்டியே ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம்.

"போய் ஒரு தடவை பார்த்துட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"கேட்காத இடத்துக்கு நான் எதுக்குப் போகணும்?"

"எங்க அம்மா வீட்டுக்குப் போறதுக்குக் கூடவா வெத்திலை பாக்கு வைக்கணும்?"

அவன் ஒரு மிக்சி ஜாடியின் பிளேடைக் கழற்றுவதில் மும்முரமானான். அது கழற்ற வேண்டிய பிளேடே இல்லை.

கடை திறக்கும் நாள் காலையில், துவைத்து மடித்த வெள்ளைச் சட்டையில் விருந்தாளியாகப் போய் நின்றான். தெருவில் நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு என்று அத்தை சொல்லி வைத்திருந்தார். காய்கறிகள் நறுக்கித் தயாராக இருந்தன, அரிசி ஊறிக்கொண்டிருந்தது, கோழிக்கு மசாலா தடவியாகிவிட்டது. நடுவில் அத்தையின் மூன்று அண்டாக்கள். அலுமினிய அண்டாக்கள் என்றாலும் வெள்ளி போல இருக்கும். வேறு யாரையும் அவர் தேய்க்க விடமாட்டார். இந்தப் பாத்திரங்களில் சமைத்துத்தான் தலை நிமிர்ந்தேன், புதுக் கடையில் முதல் சோறும் இவற்றில்தான் வேக வேண்டும் என்று அடம்பிடித்து, அதுவரை புது அடுப்பில் எதையும் சமைக்காமல் காத்திருந்தார்.

பெரிய அண்டாவை இரண்டு பேர் தூக்கி அடுப்பில் வைத்தார்கள். அத்தை பொத்தானை அழுத்தினார். அடுப்பு "பீப் பீப்" என்று கத்தியது. விளக்கு சிமிட்டியது. பிறகு வாயை மூடிக்கொண்டது. மறுபடி அழுத்தினார். மறுபடி அதே கதை. பக்கத்து அடுப்பும் அதே பாட்டைப் பாடியது.

"அன்னைக்கு வேலை செஞ்சுதே! நானே தண்ணி கொதிக்க வச்சுக் காட்டினேனே!" பெரிய மாப்பிள்ளையின் குரலில் தேன் வற்றிப்போயிருந்தது. "கரண்டு கம்மியா வருது அத்தை, அதான்." தலைக்குமேல் மின்விசிறி காகிதத் தட்டுகளைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது.

அத்தை ஊறிய அரிசியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கேஸ் அடுப்பில் வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். வீட்டு அடுப்பில் அந்த அண்டா உட்காராது, உட்கார்ந்தாலும் அடுப்பு தாங்காது. முதல் நாளே நாற்பது பேரைப் பட்டினியாகத் திருப்பி அனுப்பினால், அந்தத் தெருவில் அப்புறம் யார் வருவார்கள்?

மனைவி அவன் முழங்கையை இடித்தாள். "ஏங்க, கல்லு மாதிரி நிக்காம என்னன்னு பாருங்க."

"என்னை யாரும் கூப்பிடலையே."

"நான் கூப்பிடுறேன். நான் யாரும் இல்லையா?"

அதற்குமேல் வீம்பு பிடிக்க அவனால் முடியவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனான். அடுப்பைத் தொடவே இல்லை. காலி அண்டா ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து அடியைத் தடவிப் பார்த்தான். பிறகு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தக்காளி வடிவக் காந்த பொம்மையைப் பிய்த்து வந்து அண்டாவின் அடியில் வைத்தான். அது வழுக்கிக் கீழே விழுந்தது. இன்னொரு முறை வைத்தான். இன்னொரு முறை விழுந்தது. கூடியிருந்தவர்கள் தக்காளியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

காரணம் அவனுக்கு விளங்கிவிட்டது. காந்தம் ஒட்டாத பாத்திரத்தை இண்டக்ஷன் அடுப்பு சீந்தாது. அன்று தண்ணீர் கொதித்தது கடையிலிருந்து வந்த பாத்திரத்தில். இந்த வீட்டில் என்ன பாத்திரம் இருக்கிறது என்று விற்றவர் கேட்கவில்லை, வாங்கியவர் காட்டவில்லை. இத்தனை வருடமாக அவன் காத்திருந்த நேரம் இது. 'வாங்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா' என்ற வாக்கியம் தொண்டைவரை வந்து நின்றது. நிமிர்ந்தான். பெரிய மாப்பிள்ளை கைக்குட்டையால் அடுப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்தால் சூடேறிவிடும் என்பது போல. அவனுக்குப் பாவமாகிவிட்டது.

"அடுப்பு நல்ல அடுப்பு அத்தை" என்றான். "அண்டாவும் நல்ல அண்டா. ரெண்டுக்கும் பொருத்தம்தான் பார்க்காம விட்டுட்டோம்."

யாரோ சிரித்தார்கள். அத்தைகூட லேசாகச் சிரித்தார். அவன் விஷயத்தை விளக்கிவிட்டு, "அடியில காந்தம் ஒட்டுற பெரிய பாத்திரம் கிடைச்சா இப்பவே சோறு பொங்கிடலாம். யார் வீட்டுல இருக்குன்னுதான் தெரியலை" என்றான்.

பெரிய மாப்பிள்ளையின் கை நின்றது. முகத்தில் ரத்தம் திரும்பியது. "எனக்குத் தெரியும் சகலை!"

அந்த மனிதர் விற்ற பொருளை மறப்பவர் இல்லை. "எதிர் மாடி டீச்சரம்மா ஒரு பெரிய பாத்திரம் வாங்கினாங்க, அடிப்பக்கம் தட்டையா, கனமா. மூலை வீட்டு டிரைவர் அவர் பொண்ணுக்குன்னு ரெண்டு எடுத்தாரு. தையல்காரர் வீட்டுல ஒரு இரும்புச் சட்டி இருக்கு, தள்ளுபடியில நானே தலையில கட்டினது!" சொல்லிக்கொண்டே செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினார்.

பிறகு நடந்ததை அந்தத் தெரு இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. சாப்பிட வர வேண்டியவர்கள் கையில் பாத்திரத்தோடு வந்தார்கள். வாசலில் சின்ன மாப்பிள்ளை தக்காளியோடு உட்கார்ந்து, வந்த ஒவ்வொன்றையும் சாய்த்துப் பரீட்சை வைத்தான். தக்காளி ஒட்டினால் உள்ளே, விழுந்தால் வீட்டுக்கு. தையல்காரரின் மனைவி இரும்புச் சட்டியோடு தன் எவர்சில்வர் குண்டான் ஒன்றையும் கொண்டுவந்தார். தக்காளி அதன் அடியில் ஒட்டாமல் கைப்பிடியில் ஒட்டியது. "ஒட்டிடுச்சு பாருங்க!" என்றார். "ஒட்டிடுச்சும்மா. ஆனா கைப்பிடியில சோறு பொங்க முடியாதே" என்றான். தெரு முழுக்கச் சிரிப்பு. அவருக்குக் கோபம் வந்துவிடக் கூடாதே என்று அந்தக் குண்டானைப் பரிமாற வைத்துக்கொண்டான். பெரிய மாப்பிள்ளை வீடு வீடாக ஏறி இறங்கிப் பாத்திரங்களைத் தோளில் சுமந்து வந்தார். சட்டை நனைந்து, அடையாள அட்டை முதுகுப் பக்கம் போய்விட்டது. ஒருவன் கண்டுபிடிக்க, மற்றவர் கொண்டுவர, ஒரு சகலை இல்லாமல் இன்னொரு சகலைக்கு அன்று கை ஓடவில்லை.

டீச்சரம்மாவின் பாத்திரத்தை அடுப்பில் வைத்ததும், எந்த முணுமுணுப்பும் இல்லாமல் எண்கள் எரிந்தன. சோறு அதிலேயே இரண்டு தவணையாக வெந்தது. குழம்பு டிரைவர் வீட்டுப் பாத்திரத்தில், கோழி இரும்புச் சட்டியில். மதியச் சாப்பாடு தாமதமாகத்தான் ஆயிற்று. ஆனால் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. தங்கள் பாத்திரத்தில் வெந்தது எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் யார் போவார்கள்? டிரைவர் மூன்றாவது முறை குழம்பு கேட்டார்.

எல்லாரும் கை கழுவிப் போன பிறகு, அத்தை தன் அண்டாக்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு அவற்றின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இரவல் பாத்திரங்களை இரண்டு நாள் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

பெரிய மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். "அத்தை, எங்க கடையிலயே இந்த அடுப்புக்குத் தோதா புது அண்டா..."

அத்தை கையை லேசாக உயர்த்தினார். கோபம் இல்லை. "கொஞ்சம் இருங்க மாப்பிள்ளை." பிறகு மூலையில் நின்று சட்டையில் பட்ட குழம்புக் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தவன் பக்கம் திரும்பினார்.

"சின்ன மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க. நான் எதை வாங்கட்டும்?"

அறையில் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவனுக்குப் பதில் தெரியும். இண்டக்ஷன் அடுப்புகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம், பாலுக்கும் டீக்கும் சின்னச் சமையலுக்கும் அதை அடிக்க ஆள் இல்லை. மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பித்தளை பர்னர் வைத்த பெரிய கேஸ் அடுப்பு ஒன்று வாங்க வேண்டும். அண்டாக்கள் அதில் ராஜா மாதிரி உட்காரும். நடு அண்டாவுக்கு மட்டும் அடி கொஞ்சம் குழிந்திருக்கிறது, தட்டிக் கொடுத்தால் போதும். எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தான். நெஞ்சு புடைத்து, காதுமடல் சூடாகி, சொல்ல வந்ததை அப்படியே விழுங்கினான்.

"யோசிச்சுதான் சொல்லணும் அத்தை. நாளைக்குச் சொல்றேன்."

"சரி" என்றார் அத்தை. "அதுவரைக்கும் யாரும் ஒரு கரண்டிகூட வாங்க வேண்டாம். சின்ன மாப்பிள்ளை சொல்லட்டும்."

பெரிய மாப்பிள்ளை அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, டீச்சரம்மாவின் பாத்திரத்தைத் தேய்க்க எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவன் கடைத்தெரு நடுவே நடந்தான். ஓரமாக நடப்பதுதான் அவன் வழக்கம். மனைவி பின்னாலேயே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்குத்தான் அப்பவே பதில் தெரியுமே. மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருந்துச்சு. எதுக்கு இந்த இழுத்தடிப்பு?"

"கேட்டிருக்காங்கடி" என்றான் அவன். "நாளைக்குச் சொல்லிட்டா முடிஞ்சு போயிடும். இன்னைக்கு ஒரு நாள், கேட்டது கேட்டபடியே இருக்கட்டும்."