முப்பது பேல் பஞ்சு

செப்டம்பர் முதல் வாரம். சி.ஏ. இண்டர் பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அனுசியாவுக்கு இன்னும் லீவு கிடைத்தபாடில்லை.

பரளச்சிப் பெண் அவள். அப்பா ஜெயக்குமார் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பரீட்சையின் முதல் குரூப் பாடங்களில் தேறிய கையோடு அருப்புக்கோட்டையில் ஆடிட்டர் ராஜேஸ்வரியிடம் பயிற்சிக்குச் சேர்ந்தாள். இரண்டாவது குரூப் இரண்டு தடவை கைவிட்டுப் போய்விட்டது. ஜூலையில் நான்கு மார்க்கில் போனபோது அப்பா, "அடுத்த தடவ பாத்துக்கலாம்மா" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்காததுதான் அவளை உறுத்தியது. பகலில் ஊரார் கணக்கு, போகவர பஸ்ஸில் பாடப் புத்தகம் என்று ஓடிக்கொண்டிருந்தாள்.

"நல்லகண்ணு அண்ணாச்சி ஃபைல மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுக் கெளம்பு" என்று ராஜேஸ்வரி சொல்லியிருந்தார். அந்த ஃபைல்தான் முடியவில்லை.

நல்லகண்ணு பஞ்சு வியாபாரி. பாலவனத்தத்தில் அவருக்கு ஒரு குடோன். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி அங்கே போய் இருப்பில் இருந்த பேல்களை, அதாவது இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதிகளை, எண்ணி, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வந்தவள் அனுசியா. நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தாள். இப்போது கணக்கை முடிக்கும்போது நல்லகண்ணுவின் கணக்குப் புத்தகம் நானூற்று நாற்பத்திரண்டு என்றது. முப்பது பேல் உதைத்தது.

ராஜேஸ்வரி போன் போட்டதும் நல்லகண்ணு சத்தம் போட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற அனுசியாவுக்கே கேட்டது.

"எங்க புஸ்தகம் தப்பாது மேடம். அந்தப் புள்ள பஸ்ஸ புடிக்கிற அவசரத்துல தப்பா எண்ணிருக்கும்!"

ராஜேஸ்வரி போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "என்னம்மா?"

"மூணு தடவ எண்ணுனேன் மேடம்."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் உறுதி இல்லை. ஐந்து மாதம் ஆயிற்று. அன்று தகரக் கூரைக்குக் கீழே அனல் அடித்தது. மே மாதப் பரீட்சைக்காகச் சரியாகத் தூங்காமல் இருந்த நாட்கள் வேறு. ஒரு வரிசையை விட்டிருந்தால்? அந்த பேல்களெல்லாம் எப்போதோ விற்றுப் போய்விட்டன. மறுபடி எண்ணிப் பார்க்கவும் வழியில்லை.

மதியம் சாப்பிடும்போது அலுவலகத்தில் மூத்தவரான காளீஸ்வரன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பேசாம நானூத்தி நாப்பத்திரெண்டுன்னு புதுசா ஒரு தாளு எழுதிக் கையெழுத்துப் போட்டுரும்மா. நாளைலருந்து லீவுல போயிரலாம். முப்பது பேலுக்காகப் பரீட்சைய விடப் போறியா?"

அவர் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. அது அவளுக்கும் தெரியும். பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். தேதி எழுதும் இடத்தில் மார்ச் முப்பத்தொன்று என்று எழுத வேண்டும். கை நின்றுவிட்டது.

"இல்லண்ணே. நான் தப்பா எண்ணிருந்தா தப்புன்னு சொல்லிக்கிறேன். எண்ணாதத எண்ணுனேன்னு எப்பிடி எழுத?"

"அப்ப லீவு?"

அனுசியா பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். ராஜேஸ்வரியிடம் போய், "மேடம், நாளைக்கு ஒருநாள் பாலவனத்தம் போயிட்டு வாரேன்" என்றாள். அவர் காலண்டரைப் பார்த்தார். "ஒருநாள்தான்" என்றார்.

மறுநாள் காலை விருதுநகர் பஸ்ஸில் ஏறினாள். பாடப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தாளே தவிர ஒரு பக்கம்கூட நகரவில்லை. யோசித்து யோசித்து ஒன்று தோன்றியிருந்தது. குடோனிலிருந்து எந்த லோடு வெளியே போனாலும் ரோட்டோர எடை மேடையில் ஏறி இறங்காமல் போகாது.

எடை மேடையைப் பார்த்துக்கொள்ளும் சங்கையா முதலில் நோட்டைக் காட்ட மறுத்தார். நல்லகண்ணுவிடம் போனில் கேட்டுக்கொண்ட பிறகுதான் மார்ச் மாத நோட்டைத் தேடி எடுத்துத் தூசியைத் தட்டினார். அனுசியா கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் புரட்டினாள். முப்பத்தொன்றில் எதுவும் இல்லை. முப்பதாம் தேதி சாயங்காலம் ஒரு பதிவு: பஞ்சு, ஐயாயிரத்து நூறு கிலோ.

ஒரு பேல் நூற்றெழுபது கிலோ. மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். சரியாக முப்பது.

"இந்த லோடு எங்கண்ணே போச்சு?"

சங்கையா வண்டி நம்பரைப் பார்த்தார். "இது லாரிக்கார இருளப்பசாமி வண்டியாச்சே! ராஜபாளையம் மில்லுக்குப் போன லோடு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்னாலயே ஆக்சிலு முறிஞ்சு நாலு நாளு ரோட்டோரமாக் கெடந்துச்சு. பெறகுதான மில்லுல எறக்குனாக."

அனுசியா அந்தப் பதிவைப் போனில் படம் எடுத்துக்கொண்டு குடோனை நோக்கி நடந்தாள். நடை பாதியில் ஓட்டமாயிற்று.

நல்லகண்ணு குடோன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போனில் சத்தம் போட்ட ஆளாகவே தெரியவில்லை. முகம் வாடியிருந்தது.

"அண்ணாச்சி, மில்லுக்கு அனுப்புற சரக்குக்கு எப்ப பில் போடுவீங்க?"

"மில்லு எடைல எறங்குன பெறகுதான். ஏன்?"

"ஏப்ரல் மொத வாரத்துல ராஜபாளையத்துக்கு முப்பது பேலுக்குப் பில் இருக்கான்னு பாருங்க."

அவர் உள்ளே போய் பில் புத்தகத்தோடு வந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. "ஏப்ரல் நாலு. முப்பது."

"முப்பதாந்தேதியே அது குடோன விட்டுப் போயிருச்சு. மறுநாள் நான் எண்ண வந்தப்ப ரோட்டுல நின்ன லாரில இருந்திருக்கு. பில் போடாததால புஸ்தகத்துல கழியல. குடோன்ல நானூத்திப் பன்னெண்டு, வண்டில முப்பது. புஸ்தகமும் சரி, என் எண்ணிக்கையும் சரி அண்ணாச்சி."

நல்லகண்ணு பில் புத்தகத்தை மூடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"பாப்பா, நீ தப்பா எண்ணிருக்கணும்னு நேத்துலருந்து சாமிய வேண்டிக்கிட்டிருந்தேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"குடோன் சாவி என் தம்பி மகன் முகேஷ்கிட்டதான் இருக்கு. தகப்பன் இல்லாத பய. நாந்தான் வளத்தேன். நீ எண்ணுனது சரின்னா முப்பது பேல் எங்கன்னு அவனத்தான கேக்கணும்? கேக்க வாயி வரல. ராத்திரி அவன் சாப்புட வந்தப்பக்கூட மொகத்தப் பாக்காம எந்திரிச்சிட்டேன்."

உள்ளே பேல்களுக்கு நடுவில் யாரோ நடமாடும் சத்தம் கேட்டது. நல்லகண்ணு குரல் கொடுத்தார். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சட்டையெல்லாம் பஞ்சு ஒட்ட வெளியே வந்தார்.

"ஏலே முகேஷு, மார்ச்சு கடைசில ராஜபாளையம் லோடு ஒண்ணு வழில நின்னுச்சாமே?"

"ஆமா பெரியப்பா. நீங்க அப்ப மகளுக்குப் பிரசவம்னு மதுரைல இருந்தீக. நாந்தான் மெக்கானிக்க கூட்டிட்டுப் போனேன். ஏன், என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றார் நல்லகண்ணு. "போ, போய் மூணு டீ சொல்லு. பாப்பாவுக்கு வடையும் வாங்கிட்டு வா."

அனுசியா சிரித்துவிட்டாள். டீயும் வடையும் வந்தன. வடை சூடாக இருந்தது. இரண்டாவது வடையையும் கேட்டு வாங்கித் தின்றாள்.

அலுவலகத்தில் ராஜேஸ்வரி எடைப் பதிவின் நகலையும் பில் நகலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஃபைலில் சேர்த்தார். "லாரில இருந்த சரக்குன்னு தனியா ஒரு வரி எழுதிரு. எழுதிட்டுக் கெளம்பு. பரீட்சை முடியிற வரைக்கும் இந்தப் பக்கம் வரக் கூடாது."

காளீஸ்வரன் வாசல்வரை கூடவே வந்தார். "நேத்து நான் சொன்னத மனசுல வச்சுக்காதம்மா" என்றார். "அய்ய, விடுங்கண்ணே" என்றாள் அவள். பரளச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள். ஊர் வந்ததும் கண்டக்டர்தான் எழுப்பிவிட்டார்.

தீபாவளிக்கு முந்தின நாள் ரிசல்ட் வந்தது. அலுவலக மாடிப்படியில் நின்று நம்பரை அடித்தாள். பாஸ். தேவைக்கு மேல் இருபத்தொரு மார்க். உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, பாஸாயிட்டேன்."

ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. வண்டிக்குள் இருந்தவர்களிடம் அப்பா சொல்வது கேட்டது:

"எம் மக பாஸாயிட்டா. ஒரு நிமிசம் பொறுத்துக்கங்க, இந்தா வண்டிய எடுத்துருவேன்."

ஒரு நிமிடம் தாண்டியும் ஆட்டோ கிளம்பவில்லை.