எல்லாம் தெரியும்ணே

பூந்தமல்லி கோர்ட்டு வராந்தாவில் உட்கார இடம் இல்லை. முத்தம்மாள் சுவரோரமாகக் குந்தியிருந்தாள். மடியில் ஒரு துணிப்பை, பைக்குள் காகிதத்தில் சுற்றிய, டீயில் நனைத்துத் தின்கிற பொறை. தம்பி பச்சையப்பனுக்கு. கொடுக்க விடுவார்களோ மாட்டார்களோ, ஆவடியில் பஸ் ஏறும்போது கால் தானாக டீக்கடைப் பக்கம் போய்விட்டது.

போன வாரமே குற்றவாளி என்று சொல்லியாகிவிட்டது. திட்டம் போட்டுச் செய்த கொலை இல்லை, ஆனாலும் ஒரு உயிர் போயிருக்கிறது, அதற்கென்று ஒரு பிரிவு. இன்றைக்குத் தண்டனை. அஞ்சு வருஷமும் கொடுக்கலாம், ஆயுளும் கொடுக்கலாம், எல்லாம் ஜட்ஜ் கையில் இருக்கிறது என்று இலவச வக்கீல் கிருஷ்ணப்பிரியா சொல்லியிருந்தார்.

அவரே இப்போது வந்து பக்கத்தில் குனிந்தார்.

"முத்தம்மா, இன்னிக்கு ஜட்ஜ் உங்க தம்பியையே நேரா கேப்பாரு. அவருக்கு வெவரம் பத்தாதுன்னு நான் சொல்லத்தான் போறேன். ஆனா டாக்டர் ரிப்போர்ட்ல, கேட்ட கேள்விக்குத் தெளிவா பதில் சொல்றார்னு இருக்கு. போலீஸும் அதையேதான் எழுதியிருக்காங்க. என்கிட்ட பக்கத்துல உக்காந்து பேசும்போது சின்னப் புள்ள மாதிரி இருக்காரு. இது எப்படிம்மா?"

"தெர்லமா," என்றாள் முத்தம்மாள்.

தெரியும். சொன்னால் தன்னையும் உள்ளே வைப்பார்களோ என்று பயம். பொய் சொல்லி ஆளை வேலைக்கு விட்டது அவள்தானே.

ஆவடியில் கூலி ஆட்கள் காலையில் வந்து நிற்கிற இடத்தில் பத்து வருஷத்துக்கு முன்னால் தம்பியை முதல் முதலாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். மேஸ்திரி வந்து பேர் கேட்டதும் பச்சையப்பன் சிரித்துக்கொண்டே நின்றான். "கழண்ட கேசு போலகீது, வேணாம்பா" என்று மேஸ்திரி அடுத்த ஆளிடம் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரியே அவள் பாடம் ஆரம்பித்தாள். எந்த மேஸ்திரியும் கேட்கிறது ஒரே மாதிரிதான். பேர் என்ன, ஊர் எது, எத்தனை நாளாக வேலை செய்கிறாய், வேலை தெரியுமா, கூலி எவ்வளவு. அதே வரிசையில் பதிலை உருப்போட வைத்தாள், எட்டு வருஷமாக வேலை செய்கிறான் என்ற பொய்யையும் சேர்த்து. முழுசாகச் சொன்னால் ஒரு பொறை. தப்பினால் கிடையாது. மாசக்கணக்கில் ஆனது. அப்புறம் எந்த மேஸ்திரியும் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. மண் வெட்டினான், கலவை சுமந்தான், சாயங்காலம் அக்கா சொல்லிக்கொடுத்தபடி வேலைச் சாமான்களைக் கழுவி வைத்தான்.

அந்தக் கழுவினதுதான் இப்போது கேஸில் பெரிதாக நிற்கிறது. ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவுக்குப் பின்னால் கட்டிடம் நடந்த இடத்தில், டைல்ஸ் ஒட்டுகிற வசீம் தம்பியின் சோற்று டப்பாவை மணலில் ஒளித்து வைத்து விளையாடினான். பச்சையப்பன் தேடினான், அழுதான், கடைசியில் கையில் இருந்த மம்பட்டியை வீசினான். ஒரே அடி. அப்புறம் வழக்கம்போல மம்பட்டியைத் தொட்டியில் கழுவிச் சாய்த்து வைத்துவிட்டு, வசீம் பக்கத்தில் உட்கார்ந்து "எந்திரிண்ணே" என்று தோளை ஆட்டிக்கொண்டிருந்தான். ரத்தக்கறையை மறைத்தான், அந்த அளவுக்கு விவரமானவன் என்று அரசு வக்கீல் வாதாடினார்.

எதிர் பெஞ்சியில் வசீமின் அம்மா ஷாகிதா. கருப்பு புர்காவுக்குள் முகம் சிறுத்துப் போயிருந்தது. வக்கீல் நகர்ந்ததும் குரல் வந்தது.

"இன்னா முத்தம்மா, இன்னிக்கி பைத்தியம்னு எழுதி வாங்கிகினு போயிடலாம்னு வந்துகிறியா?"

முத்தம்மாள் பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

"வேல நடக்குற எடத்துல எம்மவன் உன்ன கேட்டானாமே, இன்னாக்கா உன் தம்பி ஒரு மாதிரி கீறான்னு. அதெல்லாம் ஒண்ணுமில்ல, கூச்ச சுபாவம்னியாமே. ஊட்டுக்கு வந்து சொல்வான். பச்ச ரொம்ப சைலண்ட்டும்மா, அவன சிரிக்க வெச்சி காட்டுறேன் பாருன்னுவான். சிரிக்க வெக்கப் போய்தான் செத்தான்."

டவாலி பேரைக் கூப்பிட்டார்.

கூண்டில் பச்சையப்பன் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு நின்றான். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஜட்ஜ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவனை நேராகப் பார்த்ததும் சிரிப்பு போய் விறைப்பாகிவிட்டான். மேஸ்திரி எதிரில் இப்படித்தான் நிற்பான்.

"உன் பேர் என்ன?"

"பச்சையப்பன்."

"எந்த ஊரு?"

"திருமுல்லவாயல்."

"என்ன வேலை, எத்தனை வருஷமா செய்றே?"

"எட்டு வருஷமா செய்றேன்."

அரசு வக்கீல் லேசாகத் தலையாட்டினார். அடுத்து வரப்போகிற பதில் முத்தம்மாளுக்குத் தெரியும். என்ன கேட்டாலும் அதுதான் வரும். வேறு ஏதாவது கேளுங்களேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

"நீ என்ன செஞ்சேன்னு உனக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும்ணே."

யாரோ உச்சுக் கொட்டினார்கள். கிருஷ்ணப்பிரியா பேனாவை மூடிவிட்டார்.

"தெரியுதில்ல. அப்போ உனக்கு என்ன தண்டனை கொடுக்கணும்?"

"நீங்க பாத்து குடுங்கண்ணே."

சொல்லி முடித்துவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று அக்கா பக்கம் திரும்பினான். ஜட்ஜ் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

முத்தம்மாள் எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது.

"ஐயா, அது நான் சொல்லிக்குடுத்தது."

டவாலி உட்காரச் சொல்லி அதட்டினார். கிருஷ்ணப்பிரியா சட்டென்று எழுந்து, குற்றவாளியின் அக்கா, ஒரு நிமிஷம் கேட்க வேண்டும் என்றார். அரசு வக்கீல் ஆட்சேபம் என்றார். ஜட்ஜ் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, "சொல்லும்மா" என்றார்.

"அஞ்சு பதில்தாங்க அவனுக்கு. மேஸ்திரி கேட்டா சொல்றதுக்கு நான் உருப்போட வெச்சது. எங்க கூட ஊட்டுல பேசுவான், சோறு கேப்பான், சண்ட போடுவான். யாராச்சும் பெரியவங்க எதுர்ல நின்னு கேட்டா இந்த அஞ்சுதான் வரும், அதே வரிசைல. போலீஸ்லயும் இதான் சொல்லியிருப்பான், டாக்டராண்டயும் இதான். நீங்களே கேள்விய மாத்திப் போட்டுக் கேளுங்க ஐயா. பொய்யா இருந்தா என்ன உள்ள வெய்யுங்க."

ஜட்ஜ் பேனாவை வைத்துவிட்டுக் கூண்டுப் பக்கம் திரும்பினார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு கூலி?"

பச்சையப்பன் நெஞ்சை நிமிர்த்தினான். "பச்சையப்பன்."

"அங்க நிக்கிறது யாரு?"

"திருமுல்லவாயல்."

பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். ஜட்ஜ் சிரிக்கவில்லை.

"வெளியில மழை பெய்யுதா?"

"எட்டு வருஷமா..." பாதியில் நின்றுவிட்டான். சிரிப்புச் சத்தம் காதில் விழுந்திருக்கிறது. இந்த மனுஷன் முன்னாலேயே எல்லாம் கேட்டு முடித்துவிட்டாரே, மறுபடி ஏன் கேட்கிறார் என்கிற மாதிரி விழித்தான். "அக்கா, தப்பாயிடுச்சா?"

முத்தம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். இத்தனை பேர் நடுவில் அவனை உரித்துப் போட்டது அவள்தான்.

மத்தியானத்துக்கு மேல் தீர்ப்பு வாசித்தார்கள். ஆயுள் இல்லை. ஏழு வருஷம், உள்ளே இருந்த நாளைக் கழித்துக்கொள்ளலாம். டாக்டர்கள் குழு அவனை மறுபடி பார்க்க வேண்டும், அதுவரை சிறை ஆஸ்பத்திரியில் தனியாக வைக்க வேண்டும். கிருஷ்ணப்பிரியா அவள் கையைப் பிடித்து அழுத்தினார். முத்தம்மாளுக்கு அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. அலுப்பாக இருந்தது, ஒரு லோடு ஜல்லி இறக்கி முடித்த மாதிரி.

வேனில் ஏற்றுமுன் காவலுக்கு வந்த போலீஸ்காரரிடம் கெஞ்சினாள். அவர் பையைத் துழாவிப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் குடு, தாயே" என்றார்.

முத்தம்மாள் பொறையை நீட்டினாள். பச்சையப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேணாம்."

"துன்னுடா. காலைலருந்து ஒண்ணும் துன்னல நீ."

"நான் தப்பா சொல்டேன். வேல குடுக்கல அவரு."

"இல்லடா, சரியாதான்..."

"சிரிச்சாங்கள்ல," என்றான். வேனில் ஏறி, அந்தப் பக்க ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான். வேன் கிளம்பியது.

அவள் திரும்பியபோது படிக்கட்டில் ஷாகிதா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. பொறையையும் பார்த்தாள், முத்தம்மாளையும் பார்த்தாள்.

"இத்தினி பேர் எதுர்ல சொன்னியே," என்றாள். குரலில் காலையில் இருந்த காரம் இல்லை. "எம்மவன் ஒருத்தன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. அவன் வெளாடியிருக்கவே மாட்டான்."

"ஆமாக்கா," என்றாள் முத்தம்மாள்.

ஷாகிதா மேலும் எதற்கோ நின்றாள். அப்புறம் புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். இரண்டு பேருக்கும் ஒரே பஸ் ஸ்டாண்டுதான். அவள் கொஞ்சம் தூரம் போகட்டும் என்று முத்தம்மாள் கோர்ட்டு வாசலிலேயே நின்றாள், பையை இடுக்கிக்கொண்டு.