வேலிக்கு வெளியே ஒரு சொல்

எனக்கு வாய் நீளம். அதை நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1918-இல் பினாங்கையே படுக்கப் போட்ட விஷக் காய்ச்சலின்போது நான் செய்த பெரிய வம்பு ஒரே ஒரு சொல்லால் வந்தது. அதுவும் நல்ல தமிழ்ச் சொல்.

ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊற்றுவது என் வேலை. வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். ஒரு நாள் வேலிக்கு வெளியே காமாரியா நின்றாள். காவடித்தண்டில் சோறு சுமந்து விற்கும் ஷேக் அலாவுதீனின் மனைவி. வீட்டில் மலாய் பேசுகிறவள், தமிழ் அரைகுறை.

"பக்கிரி அண்ணே, என் வீட்டுக்காரர் எங்கே?"

அவரைப் பின்கொட்டகைக்கு மாற்றியிருந்தார்கள். என் இரண்டு கையிலும் வாளி. "மாத்தி, மாத்தி!" என்று கத்திவிட்டு நடந்தேன்.

ஏழாம் நாள் காலை, அவள் பக்கத்து வீட்டு ஆசியா பீவி வேலியருகே வந்தாள். "தம்பி, பாத்திஹாவுக்குச் சோறு ஆக்கி வச்சிருக்கேன். வந்துட்டுப் போங்க."

"யாருக்கு அக்கா?"

"அலாவுதீன் அண்ணனுக்குத்தான். நீங்கதானே மாத்தின்னு சொன்னீங்களாம்?"

பாத்திஹா என்பது இறந்தவர்களுக்காக ஓதுவது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: மலாயில் மாத்தி என்றால் செத்துப்போவது. ஆஸ்பத்திரியே அடக்கம் செய்துவிடும் காலம் என்பதால் உடலைக் கேட்டும் யாரும் வரவில்லை.

"ஐயோ! இப்பத்தான் கஞ்சிக்கு ஊறுகா கேட்டு என்கிட்ட சண்டை போட்டாரு அவரு!"

ஆசியா பீவி சிரித்தாள், அழுதாள். பிறகு பயந்தாள். "அவ ஏழு நாளா ஒரு வாய் சாப்பிடல. நாங்க மாத்தி மாத்திக் கூடவே உக்காந்திருக்கோம். இப்பச் சொன்னா, மனசைத் தேத்தப் பொய் சொல்றோம்னுதான் நெனைப்பா."

டாக்டருக்கு அடுத்தபடியான டிரசர் கார்த்திகேசு ஐயாவிடம் கெஞ்சினேன். என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, அலாவுதீனை வேலிக்குப் பத்தடி தள்ளி நாற்காலியில் உட்கார வைத்தார். காமாரியாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். மெலிந்து தாடி வளர்ந்த அந்த மனிதரைப் பார்த்தாள். இவர் இல்லை என்று தலையாட்டினாள். எனக்கு உயிரே போய்விட்டது.

நடந்ததைக் கேட்ட அலாவுதீன் இருமிக்கொண்டே, "எனக்குப் பாத்திஹாச் சோறு ஆக்கினது யாரு?" என்றார்.

"ஆசியா பீவி," என்றேன்.

"அவளா? உப்பே போடமாட்டாளே! வந்தவங்க என் வீட்டைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

காமாரியா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம், "பசிக்குது லா," என்று மலாய் இழுப்போடு சொன்னாள். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அன்று முதல் தினமும் சாயங்காலம் யார் யார் என்ன சாப்பிட்டார்கள், யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று தமிழிலும் மலாயிலும் வேலியோரம் சொல்வது என் வேலை. டிரசர் ஐயாவின் உத்தரவு. நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள்.

அலாவுதீன் குணமாகிச் சோறு விற்கப் போன பிறகும் காமாரியா தவறாமல் வந்தாள். புதிதாக வந்து அழும் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களிடம் சொல்வாள்:

"இந்த அண்ணன் என்ன சொன்னாலும் ரெண்டு தடவை கேளுங்க லா."